செக் இன்ஜின் லைட் எரியலைன்னா கார் நல்லா இருக்குன்னு அர்த்தமா? பழைய கார் வாங்கும் முன் ஒரு மணி நேர ஆடிட்

போன மாசம் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் மெயின்டனன்ஸ்ல வேலை பார்க்கிற ஒரு தம்பிகிட்ட இருந்து மெசேஜ் வந்தது. வீடு பொன்னேரியில். மனைவிக்கு ஏழாவது மாசம். இவருக்கோ ஷிப்ட் வேலை. ராத்திரி ரெண்டு மணிக்கு ஏதாவதுன்னா கம்பெனி பஸ்ஸும் கிடையாது, கடைசி லோக்கல் ட்ரெயினும் போயிருக்கும். அதனால ஒரு செகண்ட் ஹேண்ட் கார், பட்ஜெட் மூன்றரை லட்சம்.

அவர் கேட்டது இதுதான்: "அண்ணா, ரெண்டு கார் பார்த்து வெச்சிருக்கேன். ரெண்டும் ஒரே மாடல், ஒரே வருஷம், பெட்ரோல். ஒண்ணு திருவள்ளூர்ல ஒரு ரிட்டயர்டு சார்கிட்ட இருக்கு, 3,30,000 சொல்றார். ஆனா செக் இன்ஜின் லைட் எரியுது. இன்னொண்ணு ஜிஎன்டி ரோடு பக்கம் ஒரு டீலர்கிட்ட, 3,45,000. அதுல எந்த லைட்டும் எரியல, பாலிஷ் போட்டு பளபளன்னு இருக்கு. 15,000 கூட போனாலும் பரவாயில்லன்னு டீலர் காரையே எடுத்துடலாமா?"

உங்ககிட்ட கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க? பத்துல ஒன்பது பேர் ரெண்டாவது காரைத்தான் எடுக்கச் சொல்வாங்க. ஏழு வருஷத்துக்கு முன்னாடி நானும் அதைத்தான் செஞ்சேன்.

நான் கட்டின பாடம்

சிஏ முடிச்சு முதல் வேலைக்குப் போன புதுசு. எல்லாருக்கும் பட்ஜெட் போட்டுக் கொடுக்கிற ஆள் நான். ஒரு பழைய ஹேட்ச்பேக் பார்த்தேன். டேஷ்போர்டுல ஒரு லைட்டும் எரியல. ஒரு ரவுண்டு ஓட்டினேன், ஸ்மூத்தா போச்சு, பணம் கொடுத்தேன். நாலாவது நாள் செங்குன்றம் தாண்டும்போது மஞ்சள் கலர்ல இன்ஜின் படம் எரிஞ்சது. கராஜ் பில் 41,000 ரூபாய். எமர்ஜென்சி ஃபண்டுல பாதி காலி.

வித்தவருக்கு போன் பண்ணேன். "சார், நான் குடுக்கும்போது எரியலையே" என்றார். அவர் சொன்னது உண்மைதான். குடுக்கிற நேரத்துல எரியல. ஏன் எரியலன்னு கேட்காதது என் தப்பு.

எங்க தொழில்ல இதுக்கு விண்டோ டிரஸ்ஸிங்னு பேர். மார்ச் 31 அன்னிக்கு மட்டும் பேலன்ஸ் ஷீட் அழகா இருக்கும். ஏப்ரல் 5-ம் தேதி பேங்க் ஸ்டேட்மென்ட் பார்த்தாதான் கதை தெரியும். காரிலும் அப்படித்தான். இன்னிக்கு லைட் எரியுதா இல்லையாங்கிறதை விட, கடைசியா எப்போ அழிச்சாங்கங்கிறது முக்கியம்.

இந்த லைட் எப்படி வேலை செய்யுது?

காருக்குள்ள இன்ஜினைக் கண்காணிக்கிற கம்ப்யூட்டர் ஒண்ணு இருக்கு, ஈசியு-ன்னு சொல்வாங்க. புகை அளவைக் கட்டுப்படுத்துற பாகங்களை அது தொடர்ந்து சோதிக்கும். தப்பு கண்டுபிடிச்சா ஒரு கோடு எழுதி வெச்சு, லைட்டைப் போடும். இதுக்குப் பேர் ஓபிடி. அமெரிக்காவில் 1996-லேயே எல்லாப் புது கார்களுக்கும் ஓபிடி-2 கட்டாயமாச்சு. நம்ம நாட்டில் பிஎஸ்4 காலத்தில் இது வந்தது. பிஎஸ்4 நாடு முழுக்க அமலானது 2017 ஏப்ரல் 1, பிஎஸ்6 வந்தது 2020 ஏப்ரல் 1. உங்க பட்ஜெட்ல வர்ற கார்களில் பெரும்பாலானவற்றில் ஸ்டியரிங்குக்குக் கீழே, கால் பக்கம் 16 பின் உள்ள ஒரு சாக்கெட் இருக்கும். அதுதான் ஓபிடி போர்ட்.

மூணு விஷயம் மட்டும் மனசுல வெச்சுக்கோங்க.

ஒண்ணு: நிறைய ஃபால்ட்டுகளுக்கு முதல் தடவையே லைட் எரியாது. முதல் ட்ரிப்பில் தப்பு தெரிஞ்சா "பெண்டிங் கோடு"ன்னு உள்ளே குறிச்சுக்கும். அடுத்த ட்ரிப்பிலும் அதே தப்பு வந்தாதான் லைட் போடும். அதனால லைட் எரியாமலே உள்ளே கோடு இருக்கலாம்.

ரெண்டு: கோடை அழிக்கிறது ரொம்ப சுலபம். ஸ்கேனர்ல ஒரு பட்டன், அவ்வளவுதான். பல கார்களில் பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினாலும் அழிஞ்சிடும்.

மூணு: அழிச்சா தடயம் இருக்கும். கோடு அழியும்போது கம்ப்யூட்டர் செஞ்சு முடிச்ச சோதனை முடிவுகளும் சேர்ந்து அழியும். கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் மாதிரி ஒவ்வொண்ணையும் திரும்ப முதல்ல இருந்து சோதிக்கணும். இதுக்கு "ரெடினஸ் மானிட்டர்"னு பேர். அது முடிய சில நாள் ஓட்டம் தேவைப்படலாம். அதுவரைக்கும் ஸ்கேனர்ல "இன்கம்ப்ளீட்"னு காட்டும்.

நம்ம ஆளுங்க பலர் ஃபேக்டரியில் வேலை பார்க்கிறவங்க, உங்களுக்கு இது புரியும். மெஷின்ல அலாரம் வந்தா, காரணம் பார்க்காம ரீசெட் பட்டனை அழுத்திட்டு அடுத்த ஷிப்ட்காரன்கிட்ட ஒப்படைச்சா என்ன ஆகும்? பழைய கார் மார்க்கெட்ல அந்த அடுத்த ஷிப்ட்காரன் நீங்கதான்.

ஆடிட் ஆரம்பம்: ஆறு ஸ்டெப்

தேவையானது ஒரு புளூடூத் ஓபிடி ஸ்கேனர். ஈஎல்எம் 327 வகைன்னு கேட்டா ஆன்லைன்ல கிடைக்கும். ரொம்ப சீப்பான சில பீஸ் சரியா கனெக்ட் ஆகாது, அதனால ரிவ்யூ பார்த்து ஆயிரம் ரூபாய் பக்கத்துல ஒண்ணு வாங்குங்க. மொபைல்ல டார்க் இல்லன்னா கார் ஸ்கேனர் ஆப். மூன்றரை லட்சம் போடுற இடத்துல ஆயிரம் ரூபாய் செலவு பெருசு இல்ல. நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து வாங்கினா இன்னும் மலிவு.

1. இன்ஜின் கூலா இருக்கும்போது போங்க. "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க சார்"னு முன்னாடியே சொல்லிடுங்க. போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா யாரோ ஓட்டி வார்ம் பண்ணி வெச்சிருக்காங்க.

2. சாவியை "ஆன்" வரைக்கும் மட்டும் திருப்புங்க, ஸ்டார்ட் வேண்டாம். புஷ் பட்டன் காரா இருந்தா பிரேக், கிளட்ச் எதையும் மிதிக்காம பட்டனை அழுத்தி இக்னிஷன் ஆன் நிலைக்குக் கொண்டு வாங்க. இப்போ செக் இன்ஜின் லைட் கண்டிப்பா எரியணும். ஸ்டார்ட் ஆனதும் அணையணும். இந்த நிலையில் எரியவே இல்லன்னா லைட்டையே மறைச்சிருக்காங்க, இல்லன்னா கழட்டியிருக்காங்க. அந்தக் காருக்கு அங்கேயே கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க.

3. ஸ்கேனரை மாட்டி "ஸ்டோர்ட்", "பெண்டிங்" ரெண்டு கோடையும் படிங்க. "ஃப்ரீஸ் ஃப்ரேம்" இருந்தா அதையும் பாருங்க. தப்பு நடந்த நேரத்துல வேகம் என்ன, இன்ஜின் சூடு என்னன்னு அதுல இருக்கும்.

4. ரெடினஸ் மானிட்டர் பக்கத்தைத் திறங்க. அதோட "டிஸ்டன்ஸ் சின்ஸ் கோட்ஸ் கிளியர்டு", அதாவது கோடு அழிச்ச பிறகு ஓடின கிலோமீட்டரையும் பாருங்க. ஓடோமீட்டர்ல 62,000 இருக்கு, இங்கே 8 கிலோமீட்டர்னு இருந்தா, நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் யாரோ ஸ்லேட்டைத் துடைச்சிருக்காங்க. எல்லா மாடலும் இந்த எண்ணைக் காட்டாது. அப்படின்னா மானிட்டரை மட்டும் வெச்சு முடிவு பண்ணுங்க.

5. குறைஞ்சது 30, 40 கிலோமீட்டர் ஓட்டுங்க. ஊருக்குள்ள கொஞ்சம், ஹைவேல ஒரே சீரான வேகத்துல கொஞ்சம். ஓட்டுறதுக்கு முன்னாடி இன்சூரன்ஸ் உயிரோட இருக்கான்னு பாருங்க.

6. திரும்ப ஸ்கேன் பண்ணுங்க. ரெண்டு தடவையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கோங்க. நீங்க எக்காரணம் கொண்டும் "கிளியர்" பட்டனை அழுத்தாதீங்க.

ஓட்டும்போது லைட் விட்டு விட்டு மின்னினா அது வேற லெவல் எச்சரிக்கை. பெட்ரோல் சரியா எரியாம சைலன்ஸர் பக்கம் போகுது, கேட்டலிடிக் கன்வெர்ட்டர் கெடும்னு அர்த்தம். ஓரமா நிறுத்துங்க.

கோடு என்ன சொல்லும், பர்ஸ் என்ன சொல்லும்?

கீழே இருக்கிற தொகைகள் தோராயமானவை. மாடலைப் பொறுத்து மாறும். எதுவா இருந்தாலும் உங்க மெக்கானிக்கிட்ட எழுத்துல கொட்டேஷன் வாங்குங்க.

• பி0135 போன்றவை: ஆக்சிஜன் சென்சார் ஹீட்டர். ஃப்யூஸ், வயரா இருந்தா சில நூறு ரூபாய். சென்சாரே போயிருந்தா 3,000 முதல் 8,000 வரை.

• பி0300 முதல் பி0304: மிஸ்ஃபையர். கடைசி எண் எந்த சிலிண்டர்னு சொல்லும். பி0300 மட்டும் எந்த சிலிண்டர்னு சொல்லாது. ஸ்பார்க் பிளக், காயிலா இருந்தா சில ஆயிரத்துல முடியும். கம்ப்ரெஷன் குறைஞ்சிருந்தா இன்ஜினைப் பிரிக்கணும். கம்ப்ரெஷன் டெஸ்ட் பண்ணாம இந்தக் காரை வாங்காதீங்க.

• பி0171: காத்து அதிகம், பெட்ரோல் கம்மி. ஒரு ஹோஸ் கிழிஞ்சிருக்கலாம், ஃப்யூயல் பம்ப்பும் வீக்கா இருக்கலாம்.

• பி0420: கேட்டலிடிக் கன்வெர்ட்டர் திறன் குறைஞ்சிருக்கு. ஒரிஜினல் போட்டா 30,000-க்கு மேலதான் பேச்சு.

• பி0299, பி2002: டீசல் கார்களில் டர்போ, டிபிஎஃப். இங்கே அரை லட்சம், ஒரு லட்சம்னு போகும். மாசம் 500 கிலோமீட்டர் மட்டும் ஊருக்குள்ள ஓட்டுறவங்க பிஎஸ்6 டீசல் பக்கம் யோசிச்சுப் போங்க. ஹைவே ஓட்டம் இல்லன்னா டிபிஎஃப் அடைச்சுக்கும்.

ஒரு முக்கியமான விஷயம். கோடு எந்த பார்ட்டை மாத்தணும்னு சொல்லாது. எந்த இடத்துல பிரச்சனைன்னு மட்டும் சொல்லும். தெர்மாமீட்டர் காய்ச்சல்னு சொல்லும், டைஃபாய்டா டெங்குவான்னு சொல்லாது. அதனால ஸ்கேன் நீங்க பண்ணுங்க, டயக்னோசிஸ் மெக்கானிக் பண்ணட்டும். இதுக்காக ஆயிரம், ஆயிரத்து ஐநூறு கேட்டா பேரம் பேசாம கொடுங்க.

அந்த ரெண்டு காருக்கும் என்ன ஆச்சு?

ஒரு சனிக்கிழமை நானும் அந்தத் தம்பியும் போனோம்.

டீலர் கார் முதல்ல. கோடு எதுவும் இல்ல. ஆனா கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சார் ரெண்டு மானிட்டரும் இன்கம்ப்ளீட். கோடு அழிச்ச பிறகு ஓடின தூரம் 11 கிலோமீட்டர். கேட்டதுக்கு "பேட்டரி மாத்தினோம் சார்" என்றார். இது உண்மையாவும் இருக்கலாம், பேட்டரி மாத்தினாலும் இப்படித்தான் காட்டும். ஆனா பில்லும் இல்ல, பானட்டுக்குள்ள இருந்த பேட்டரியும் புதுசா தெரியல. சண்டை போடல. "ஒரு நாற்பது கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்கிறோம், உங்க ஆளும் கூட வரட்டும்"னு கேட்டோம். கவரைப்பேட்டை, எளாவூர் பக்கம் போய்த் திரும்பினோம். வந்து ஸ்கேன் பண்ணா, டேஷ்போர்டுல லைட் எரியல. ஆனா பெண்டிங்ல பி0420 உட்கார்ந்திருக்கு. இன்னொரு ட்ரிப் ஓடியிருந்தா லைட்டே எரிஞ்சிருக்கும். மெக்கானிக் போன்லயே சொன்ன தோராயக் கணக்கு 38,000.

அடுத்து திருவள்ளூர் கார். லைட் எரியுது. கோடு பி0135, ஒண்ணே ஒண்ணு. லைட் எரிஞ்ச நிலையில் 1,900 கிலோமீட்டர் ஓடியிருக்கு. கோடு அழிச்சு பதினான்காயிரம் கிலோமீட்டருக்கு மேல ஆகுது, அதாவது யாரும் சமீபத்தில் துடைக்கல. சர்வீஸ் பில் எல்லாம் ஒரு ஃபைல்ல வரிசையா இருந்தது. அந்த சார் வெளிப்படையா, "எனக்கு இப்போ ஓட்டமே இல்லப்பா, அதான் சரி பண்ணாம விட்டுட்டேன்" என்றார்.

இங்கேயும் ஒரு கண்ணி இருக்கு. ஒரு சென்சார் ஃபால்ட் இருக்கும்போது, அந்த சென்சாரை நம்பி நடக்கிற வேற சில சோதனைகளைக் கம்ப்யூட்டர் நிறுத்தி வைக்கும். சென்சாரை மாத்தின பிறகு பின்னாடி ஒளிஞ்சிருந்த வேற கோடு எட்டிப் பார்க்கலாம். அதனால உடனே முழுப் பணமும் கொடுக்க வேண்டாம்னு சொன்னேன்.

பேசி முடிச்சது இப்படி: விலை 3,25,000. டோக்கன் 10,000. மெக்கானிக் ஃப்யூஸ், வயர் ரெண்டையும் செக் பண்ணி, சென்சார்தான்னு உறுதி பண்ணார். பார்ட், லேபர் சேர்த்து 6,500, அதை அந்த சாரே கட்டினார். அஞ்சு நாள் அவர் வழக்கமா ஓட்டினார். அப்புறம் ஸ்கேன் பண்ணோம். கோடு இல்ல, பெண்டிங் இல்ல, மானிட்டர் எல்லாம் கம்ப்ளீட். அதுக்கப்புறம்தான் மீதிப் பணம்.

கணக்கைப் பாருங்க:

டீலர் கார்: 3,45,000 + 38,000 = 3,83,000
லைட் எரிஞ்ச கார்: 3,25,000
வித்தியாசம்: 58,000 ரூபாய்

இந்த 58,000 அந்தத் தம்பிக்கு வெறும் எண் இல்ல. டெலிவரி செலவுக்காக ஒதுக்கி வெச்ச பணம் ஏறக்குறைய அவ்வளவுதான். காருக்கு அவர் போடுற லோன் 3 லட்சம், 13% வட்டி, 3 வருஷம்னா இஎம்ஐ சுமார் 10,108 ரூபாய். முதல் மாசமே 38,000 ரிப்பேர் வந்திருந்தா அது கிரெடிட் கார்டுலதான் போயிருக்கும். மாசம் 3.5% வட்டின்னா வருஷத்துக்கு 42%.

நாலு சமாதானம், நாலு பதில்

"சென்சார்தான் சார், ஐநூறு ரூபாய் வேலை."
ரொம்ப நல்லது, ஐநூறு ரூபாய்தானே, நீங்களே மாத்திட்டுக் கொடுங்கன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுங்க. மாத்தின பில்லும், நூறு கிலோமீட்டர் ஓடின பிறகு ஸ்கேனும் கேளுங்க.

"பியூசி சர்டிஃபிகேட் இருக்கே."
பியூசி சோதனையில் சைலன்ஸர் வழியா வர்ற புகையை மட்டும்தான் அளப்பாங்க. ஓபிடி கோடை அங்கே யாரும் படிக்கிறதில்ல.

"ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு."
சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி விபத்து, திருட்டு, வெள்ளம் மாதிரி சேதத்துக்குத்தான். தேய்மானம், மெக்கானிக்கல் பிரேக்டவுன் அதுல வராது.

"ஆறு மாசம் வாரண்டி தர்றோம்."
பேப்பர்ல கேளுங்க. எமிஷன் பார்ட்ஸ், எலக்ட்ரிக்கல் பார்ட்ஸ் விலக்கு பட்டியல்ல இருக்கான்னு படிங்க. பெரும்பாலும் பணம் அதிகம் ஆகிற பார்ட்தான் அந்தப் பட்டியல்ல இருக்கும்.

நம்ம ஏரியாவுக்குன்னு ஒரு எக்ஸ்ட்ரா செக்

2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்ல சென்னை, திருவள்ளூர் மாவட்டத்துல எத்தனையோ கார் தண்ணில நின்னுச்சு. அப்படி நின்ன காரில் வயர் கனெக்டருக்குள்ள துரு பிடிச்சு, நாள் கழிச்சு எலக்ட்ரிக்கல் பிரச்சனை வரும். ஸ்கேனர்ல "யு" எழுத்துல ஆரம்பிக்கிற கோடு, அதாவது காருக்குள்ள இருக்கிற கம்ப்யூட்டர்களுக்கு நடுவுல தொடர்பு அறுந்து போற கோடு, ஒண்ணுக்கு மேல வந்தா சந்தேகப்படுங்க. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேறு கோடு தெரியும். கார்ப்பெட்டைத் தூக்கி மோந்து பாருங்க. பழைய இன்சூரன்ஸ் கம்பெனியில் க்ளைம் விவரம் எடுத்துக் கொடுக்கச் சொல்லி வித்தவர்கிட்ட கேளுங்க.

பணம் கைமாறும் முன் பேப்பர்

டோக்கன் ரசீதுல ஒரு வரி சேருங்க: "ஸ்கேன் மற்றும் மெக்கானிக் பரிசோதனையில் இன்ஜின் குறைபாடு தெரிந்தால் முன்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்." ஓடோமீட்டர் ரீடிங்கும், ஸ்கேன் பண்ணின தேதியும் எழுதுங்க. பணத்தை யுபிஐ அல்லது பேங்க் டிரான்ஸ்ஃபர்ல மட்டும் கொடுங்க.

ஏன் இவ்வளவு கறார்னா, டீலர்கிட்ட சொந்த உபயோகத்துக்கு வாங்கி ஏமாந்தா 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்க கொடுத்த தொகை 5 லட்சம் வரைன்னா ஆணையத்துல புகாருக்குக் கட்டணமும் இல்ல. ஆனா தனி நபர் தன்னோட சொந்தக் காரை வித்தா அவர் வியாபாரி கிடையாது, அந்த வழி பொதுவா திறக்காது. ரெண்டு இடத்திலும் கேள்வி ஒண்ணுதான்: எழுத்துல என்ன இருக்கு?

ஆர்சி மாத்த ஃபார்ம் 29, 30. லோன் பாக்கி இருந்த காரா இருந்தா ஃபார்ம் 35-ம், பேங்க் என்ஓசி-யும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த விண்ணப்பிங்க.

கடைசியா

லைட் எரியிற கார் தன் குறையைச் சொல்லுது. அதுக்கு விலை போடலாம், பேரம் பேசலாம், வேண்டாம்னு விடவும் செய்யலாம். லைட் எரியாத காரில் ஒரு கேள்வி பாக்கி இருக்கு: மானிட்டர் கம்ப்ளீட்டா? அந்தப் பதில் வர்ற வரைக்கும் டோக்கன் கூட கொடுக்காதீங்க. விக்கிறவர் ஸ்கேன் பண்ணவே விடலன்னா, அதுவே பதில்.

இந்த வாரம் உங்க நண்பர் யாராவது பழைய கார் பார்க்கப் போறார்னா, போறதுக்கு முன்னாடி அந்த ஆறு ஸ்டெப்பை அவருக்கு அனுப்புங்க.

அந்தத் தம்பி போன வாரம் ஒரு போட்டோ அனுப்பினார். பொன்னேரி வீட்டு வாசல்ல கார், டேஷ்போர்டுல ஒரு லைட்டும் இல்ல. கீழே ஒரு வரி: "நேத்து மறுபடியும் ஸ்கேன் பண்ணேன் அண்ணா, கிளீன்."